ஸ்கிராபிள் ஆட இங்கிலீஷ் பேச வர வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்னென்ன விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கலாம் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கேரம், செஸ், பல்லாங்குழி எல்லாவற்றையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டு, எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி இங்கிலீஷ் சொல் உண்டாக்கிப் புள்ளி வாங்கும் ஸ்கிராபிளுக்கு மட்டும் ‘ஆங்கிலம் சரளமாகப் பேச உதவும், ஆங்கில வழியில் படிக்கும் மாணவர்களுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார் எழுதியவர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்காரர்கள் வரும் பத்தியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடங்களுக்கு நடுவே சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். அதற்கு முன்பு பஹ்ரைனில் ஸ்டோர் கீப்பர். படித்தது பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் ஐ.டி.ஐ. இங்கிலீஷில் நாலு வரி சேர்ந்தாற்போலப் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கும். பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை லீவு. ரூமில் படுத்துக் கிடப்பதற்கு இது மேல் என்று, கூட வேலை பார்த்த கோவாக்காரர் ஒருவர் என்னை ஸ்கிராபிள் ஆடும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வளைகுடா நாடுகளில் இந்த ஆட்டத்துக்கு நல்ல கூட்டம் உண்டு. நாட்டுக்கு நாடு மோதும் போட்டியே நடக்கும்.

அங்கே எனக்கு முதலில் பயம் வெள்ளைக்காரர்களைப் பார்த்துத்தான். பிறந்ததிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறவனை நாம் எங்கே ஜெயிப்பது என்று. கொஞ்ச நாள் போனதும் தெரிந்தது, நிஜமாகவே பயப்பட வேண்டியது யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைப் பார்த்து என்று. கணக்குப் பிரிவில் வேலை. ஆட்டம் முடியும் வரை வாய் திறக்க மாட்டார். சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் பொடிப் பொடி எழுத்தில் எழுத்துக் கூட்டங்கள், வரிசை வரிசையாக. டீ குடிக்கும்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாவலும் செய்தித்தாளுமாகப் படித்துத் தள்ளுகிற வெள்ளைக்காரர்கள் அவரிடம் நூறு, நூற்றைம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். நான் ஆட்டம் கற்றுக்கொண்டது அந்தத் தாளிடம்தான் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் பொழுதுபோக்குக்கு ஆடுவது வேறு, போட்டி ஆட்டம் வேறு. போட்டியில் ஆளுக்கு 25 நிமிஷம். செஸ் கடிகாரம் ஓடும். நேரம் தாண்டினால் நிமிஷத்துக்கு 10 புள்ளி வெட்டு. பையில் 100 காய். அதில் 98 எழுத்து, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் காய் இரண்டு. எந்தச் சொல் செல்லும் என்பதற்கு ஒரே ஒரு பட்டியல்தான் ஆதாரம். இந்தியா உட்பட உலகத்தின் பெரும்பகுதியில் அது காலின்ஸ் என்ற அகராதி நிறுவனத்தின் பட்டியல். சுமார் 2,80,000 சொல். லண்டனில் பிறந்து வளர்ந்து ஆக்ஸ்போர்டில் படித்தவருக்கும் அதில் பாதிக்கு மேல் தெரிந்திருக்காது.

எதிராளி வைத்த சொல் சந்தேகமாக இருந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு ‘சேலஞ்ச்’ சொல்லலாம். கம்ப்யூட்டரில் அந்தச் சொல்லைத் தட்டினால் செல்லும், செல்லாது என்று மட்டும்தான் காட்டும். அர்த்தம் காட்டாது. தீர்ப்புச் சொல்கிற இயந்திரமே அர்த்தம் கேட்பதில்லை. 2021-ல், பல நாடுகளில் ஸ்கிராபிள் உரிமை வைத்திருக்கும் மேட்டல் நிறுவனம் இனத்தைப் பழிக்கும் சொற்கள் சில நூற்றைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். பலகையில் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது, அது புள்ளி வாங்கும் கருவி, இதில் என்ன பழி என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. அர்த்தம் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்துக்கு நேரே வசவை அடுக்குவது சரியாகுமா? ஆனால் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் சொல்லை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சரி, தாய்லாந்துக்கு வருகிறேன். 2003-ல் உலக சாம்பியன்ஷிப் கோலாலம்பூரில் நடந்தது. இறுதிச் சுற்றில் மோதிய இருவருமே தாய்லாந்துக்காரர்கள். பனுபோல் ஜெயித்தார், பகோர்ன் தோற்றார். அதே பகோர்ன் 2009-ல் ஜோகூர் பாருவில் உலக சாம்பியன் ஆனார். அவர் தோற்கடித்தது நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸை. இந்த ஆட்டத்தில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மனிதர் அவர். இங்கிலீஷ் ஆட்சிமொழியாகவும் இல்லை, வெள்ளைக்காரன் ஆண்ட நாடாகவும் இல்லை, தாய்லாந்து. அங்கே பள்ளிப் பிள்ளைகள் கும்பல் கும்பலாக இதை ஆடுகிறார்கள். பாங்காக்கில் ராஜா பெயரில் கோப்பை வைத்துப் போட்டி நடத்தினார்கள். பட்டியலை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள். யாரும் அவர்களிடம் ‘நீ எந்த மீடியம்’ என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இடையில் 2007-ல் உலகப் போட்டி நம் மும்பையிலேயே நடந்தது. இறுதிச் சுற்றில் நைஜலுக்கு எதிரே உட்கார்ந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். பெயரைக் கவனியுங்கள். நம் பத்திரிகைகள் கவனித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2015-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகெரே பட்டம் வாங்கினார். ஆப்பிரிக்காவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம்.

அதே 2015-ல் நைஜல் ரிச்சர்ட்ஸ் இன்னொன்று செய்தார். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. வணக்கம் சொல்வதற்கு மேல் வராது. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுப் பட்டியலை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். நேரே பெல்ஜியத்துக்குப் போய் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலக சாம்பியன் பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 2018-ல் மறுபடியும் ஜெயித்தார். 2024-ல் ஸ்பெயினின் கிரனடாவில் ஸ்பானிஷ் பட்டம். ஸ்பானிஷும் அவருக்குப் பேச வராது.

ஆசிரியர் அவர்களே, சரளமாகப் பேச உதவும் என்று உங்கள் கட்டுரையாளர் சொன்ன விளையாட்டில் உலகத்தின் முதல் ஆளைப் பாரிஸில் இறக்கிவிட்டால், அவர் ஒரு காபி கேட்டு வாங்கக் கஷ்டப்படுவார். பேச்சு வேறு, இது வேறு. பேச்சு வர வேண்டும் என்பதற்காக ஸ்கிராபிள் போர்டு வாங்குகிற பெற்றோர் ஏமாந்து போவார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். இங்கிலீஷ் பேச்சு வராத பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று ஒதுக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ் மீடியம் பிள்ளை கான்வென்ட் பிள்ளைக்குச் சமமாக உட்காரக்கூடிய இங்கிலீஷ் சமாச்சாரம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பட்டியலில் இருக்கும் விநோதச் சொற்கள் இரண்டு பேருக்குமே புதிது. அந்த இடத்தில் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.

எப்படிப் படிப்பது என்று கேட்பார்கள். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மேசை தருகிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் இரண்டெழுத்துச் சொற்கள். 120-க்கும் மேல் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல் பலகையில் காய் வைக்கவே நான் விடுவதில்லை. ஏற்கெனவே கிடக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டி இன்னொரு சொல்லை இணையாக வைத்தால், இரண்டுக்கும் நடுவில் குட்டிக் குட்டியாக இரண்டெழுத்துச் சொற்கள் உண்டாகும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. பெரிய சொல் தெரிந்தவரைவிட இந்தக் குட்டிச் சொற்கள் தெரிந்தவருக்குத்தான் தினசரி வரும்படி அதிகம். அப்புறம் மூன்றெழுத்து, 1,300-க்கும் மேல். அதோடு சேர்த்து ‘ஹூக்’: எந்தச் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ எந்த எழுத்து ஒட்டும் என்பது. ‘ஹோஸ்ட்’ என்ற சொல்லின் முன்னால் ஒரு ஜி போட்டால் ‘கோஸ்ட்’ ஆகிப் பேய் வந்துவிடும். இதைச் சொன்ன அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவே இல்லை, இன்னும் இன்னும் என்று தேடிக்கொண்டே இருந்தார்கள்.

ஏழெழுத்துச் சொற்கள் பிறகு. கையில் இருக்கும் ஏழு காயையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால் போட்டிகளை நிர்ணயிப்பதே இவைதான். பட்டியலில் இப்படிச் சுமார் 34,000 இருக்கின்றன. அத்தனையும் படிக்க ஆயுசு போதாது. இங்கேதான் கணக்கு வருகிறது. 

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்பதை அவர் எங்கிருந்து எண்ணினார் தெரியுமா? பத்திரிகைப் பக்கங்களிலிருந்து. நியூயார்க் டைம்ஸை விரித்துவைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக எண்ணினார். ஆகவே இந்த ஆட்டத்துக்கு உங்கள் தொழில்தான் தாய்வீடு. அவர் எண்ணியபடிதான் பையில் ஈ 12, ஏ 9, ஐ 9, க்யூ ஒன்றே ஒன்று. எஸ் மட்டும் நாலுதான் வைத்தார். கூட வைத்தால் எல்லாரும் பன்மையாக்கிப் பன்மையாக்கியே பிழைத்துப் போவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பையில் அதிகம் இருக்கிற எழுத்துகளால் ஆன சொல்தான் கைக்கு அடிக்கடி வரும். அதை முதலில் படி, க்யூவும் இஸட்டும் வரும் பந்தாச் சொல்லைக் கடைசியில் படி என்பதுதான் பாடம். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு காய் கையில் வந்தால் ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர், ரெட்சினா என்று பத்துச் சொல்லுக்கு மேல் இருக்கின்றன. பலகையில் எந்த இடம் காலியோ அதற்குத் தகுந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

படிக்க அட்டை. அட்டைக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே. நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமை. சீட்டுச் சீட்டாக வெட்டிக் கொடுத்துவிடுவேன். ஒரு பக்கம் எழுத்துகளை அகர வரிசையில் எழுத வேண்டும், ஏழு காய்க்கும் அந்த வரிசைதான் பெயர் மாதிரி. மறுபக்கம் விடைகள். ஒரு செருப்பு டப்பாவில் நாலு தடுப்பு. புதுச் சீட்டு முதல் தடுப்பில். பார்த்தவுடன் விடை சொல்லிவிட்டால் அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் எங்கே இருந்தாலும் முதலுக்கே திரும்பிவிடும். முதல் தடுப்பு தினசரி, இரண்டாவது வாரத்துக்கு இரண்டு தரம், மூன்றாவது வாரம் ஒருமுறை, நாலாவது மாதம் ஒருமுறை. கம்ப்யூட்டரில் இதையே செய்கிற மென்பொருள் இருக்கிறது, பெரிய ஆட்டக்காரர்கள் அதில்தான் படிக்கிறார்கள். ஆனால் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்க, மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்து ஏழு நிற்கிற அந்தச் சீட்டை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க முடியாது.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்துப் பிள்ளைகள் சிலர் வருகிறார்கள். க்யூவுக்கு அடுத்து யூ வராத சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. கான்வென்ட் பிள்ளைகள் அதைப் பார்த்து முழிப்பார்கள். தலாக், நிகாப், புர்கா, ஃபகீர் என்று வாசித்ததும் மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் கேட்டான், “என்ன அண்ணாச்சி, இதெல்லாம் எங்க வீட்டுப் பேச்சால்லா இருக்கு. இதுவா இங்கிலீஷ்?” பீடியும் பட்டியலில் இருக்கிறது என்றேன். அவன் அம்மா பீடி சுற்றுகிறவர். நம்பாமல் தாளை வாங்கித் தானே தேடிப் பார்த்தான். இட்லி, தோசை, லுங்கி, லத்தி எல்லாம் செல்லும்.

ஒரு ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பெண். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். எதிரே சி.பி.எஸ்.இ. பையன், நல்ல பையன்தான், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவன் அம்மா பக்கத்து நாற்காலியில். பையன் ‘டாக்ஸி’ வைத்தான், எக்ஸ் 8 புள்ளி, சந்தோஷம். அந்த டாக்ஸியின் கடைசி எழுத்தான ஐக்கு நேர் மேலே இருந்த கட்டம், வைக்கிற எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம். பெண்ணின் ரேக்கில், அதாவது காய் அடுக்கி வைக்கும் கட்டையில், க்யூ. அதை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தாள். அதற்கு வலப்பக்கம் ஒரு ஐ. மேலிருந்து கீழே படித்தால் க்யூ-ஐ. இடமிருந்து வலம் படித்தாலும் க்யூ-ஐ. க்யூவின் 10, மூன்று மடங்காகி 30, ஐக்கு 1, ஆக 31. இரண்டு பக்கமும் சேர்த்து 62. இறக்கியது இரண்டே காய்.

பையன் சேலஞ்ச் செய்தான். போனில் தட்டினோம். செல்லும். அம்மாவுக்குத் தாங்கவில்லை. “அதுக்கு என்னம்மா மீனிங்?” என்றார். அந்தப் பெண் ரேக்கில் புதுக் காயை அடுக்கிக்கொண்டே, “அது தெரியாது ஆன்ட்டி, லிஸ்ட்ல இருக்கு” என்றாள். அகம்பாவமாகச் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். கையில் 100 காய்க்கும் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருந்தாள், பலகைக்கு வந்த எழுத்தையெல்லாம் அதில் அடித்துக்கொண்டே வந்தாள். போட்டி விதிப்படி அதற்கு அனுமதி உண்டு. பை காலியானதும், அடிபடாமல் மிச்சம் இருப்பதில் தன் கையில் இருப்பதைக் கழித்தால் எதிராளி ரேக்கில் என்ன இருக்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். பையன் கையில் ஒரு வி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, வி வைக்கத் தோதான ஒரே இடத்தையும் அடைத்தாள். இரண்டெழுத்துச் சொல் எதிலும் வி வராது என்பது அவளுக்கு முதல் மாதப் பாடம். இதில் எங்கே இருக்கிறது மீடியம்?

ஆனால் போன வருடம் எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு மாணவர் ஸ்கிராபிள் போட்டியின் விண்ணப்பத்தில் ‘ஆங்கில வழி மாணவர்கள் மட்டும்’ என்று அச்சடித்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்தார்கள். போன் போட்டுக் கேட்டேன். “உங்க நல்லதுக்குத்தான் சார், அந்தப் பிள்ளைங்க கஷ்டப்பட்டுப் போகும்” என்றார் போனை எடுத்தவர். குரலில் கெட்ட எண்ணமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அப்படியானால் இங்கிலீஷுக்கு இதனால் பிரயோஜனமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. ஸ்பெல்லிங் கண்ணில் பதிகிறது. பாடப் புத்தகத்தில் நீளமான சொல்லைக் கண்டால் முன்பு தாண்டிப் போன பிள்ளை இப்போது அதைக் கலைத்துப் போட்டு உள்ளே வேறு என்ன சொல் ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறது. சில பிள்ளைகள் தாங்களாகவே அகராதியைப் புரட்டி அர்த்தம் பார்த்துக்கொள்கிறார்கள், நான் சொல்லவில்லை. முக்கியமாக, இங்கிலீஷ் தெரிந்தவன் முன்னால் உட்கார்ந்தால் குனிகிற தலை குனிவதில்லை. இதெல்லாம் கூட வருகிற லாபம். இதற்காக ஆட வேண்டாம். ஆட்டம் நன்றாக இருக்கிறது, அதற்காக ஆடினால் போதும். செஸ் போர்டு வாங்கும்போது பிள்ளைக்கு ராணுவத்தில் வேலை கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லையே.

தமிழில் இப்படி ஒரு ஆட்டம் ஆடக்கூடாதா என்று எல்லா ஞாயிறும் யாராவது கேட்கிறார்கள். நூலகத்துக்கு வரும் தமிழாசிரியர் ஒருவர் என்னோடு இதற்காகச் சண்டையே போடுவார். அவர் நினைப்பது 247 எழுத்துக்கு எப்படிக் காய் செய்வது என்பதுதான் சிக்கல் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காயை எப்படியாவது செய்துவிடலாம். ஸ்பானிஷ்காரர்கள் இரட்டை எழுத்துக்கெல்லாம் தனிக் காய் வைத்து ஆடியிருக்கிறார்கள். சிக்கல் பட்டியலில் இருக்கிறது. வந்தான் செல்லும் என்றால் வந்தானா செல்லுமா? வந்தானாம்? வந்தானாமே? இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு நாலைந்து வடிவத்தோடு முடிந்தது. நம் வினைச்சொல் ஒன்றைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதி, 1924-லிருந்து 1936 வரை அச்சானது, ஒரு லட்சத்துக்கு மேல் சொல். ஆனால் அது தலைச்சொல் பட்டியல். எது வரைக்கும் விகுதி ஒட்டலாம் என்று அதில் தீர்ப்பு இருக்காது, இருக்கவும் தேவையில்லை. ஆட்டத்துக்கென்று நாலு தமிழறிஞர்களும் நாலு ஆட்டக்காரர்களும் உட்கார்ந்து, இது செல்லும் இது செல்லாது என்று கோடு போட்டால்தான் போட்டி நடத்த முடியும். அப்படிக் கோடு போட்டால் முதல் ஆளாக நான் வருகிறேன். தமிழாசிரியரும் வருவார், அவர் வந்தானாமேயை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளிலெல்லாம் செஸ் பேச்சாக இருந்தது. அந்த உற்சாகத்தில் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பலாம். கிளை நூலகத்துக்கு இரண்டு போர்டு இருந்தால் நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். போர்டு கூட வேண்டாம், சார்ட் பேப்பரில் பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் போட்டு நாங்களே வரைந்துகொள்வோம். எழுத்துக் காய்தான் வேண்டும், தொலையாமல் எண்ணி வைக்க ஒரு நூலகர் வேண்டும். எங்கள் நூலகருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. ஆட்டம் முடிந்தால் 100 காயும் எண்ணிப் பார்த்த பிறகுதான் பையைக் கட்டுவார். ஒருமுறை 99 வந்தது. மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினோம், அந்த ஒற்றை இஸட்.

போட்டி நடத்துகிறவர்கள் அந்த ஒரு வரியை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டால் போதும். தனிப் பரிசு, தனிப் பிரிவு, சலுகை எதுவும் கேட்கவில்லை. வயதுவாரியாகப் பிரியுங்கள், மீடியம்வாரியாக வேண்டாம்.

உங்கள் பத்திரிகையிடம் ஒன்று. ஞாயிறு இணைப்பில் குறுக்கெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் இடம் கொடுங்கள். வாரம் ஏழு எழுத்து கலைத்துப் போட்டு, எத்தனை சொல் தேறுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். எழுத்துகளை நான் இலவசமாக அனுப்பித் தருகிறேன். முதல் வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஏ, ஈ, ஜி, ஐ, எல், என், ஆர். ஏழு காயும் சேர்ந்த சொல் குறைந்தது ஐந்து இருக்கின்றன. விடையைத் தனிக் கவரில் வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறேன். உங்கள் உதவி ஆசிரியர்கள் முயன்று பார்த்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.